நாலு பேப்பரில் வந்த அடி

அத்தியாயம் 6

மேஜைமேல் நான்கு பத்திரிகைகள் விரிந்து கிடந்தன. நான்கும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்தன.

திட்டு வாங்கியவர் ஒரு பஸ் டிரைவர். இரண்டு நாளாக இடது கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருடைய மனைவி மேஜைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. அளவு நாடாவைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டபடியே வந்திருந்தாள்.

"போலீஸ் கேஸ் போட்டிருக்கு, ஆபீஸ்ல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு ஹெட் ஆபீஸ்ல விசாரணைம்மா. அவரால எழுந்து வர முடியாதுன்னு என்னை வரச் சொல்லியிருக்காங்க. பேப்பர்ல வந்தது பொய்னு காட்டலைன்னா வேலையை எடுத்துருவாங்களாம். நாலு பேப்பர் ஒண்ணு சொல்லுது, நீ ஒருத்தி ஒண்ணு சொல்றேன்னு அந்த அதிகாரி போன்லயே சிரிக்கிறாரு."

அப்போது மணி பதினொன்று.

எதிரே இருந்த பெண்மணி சிவப்புப் பென்சிலைச் சீவினார். முப்பத்தோரு வருஷம் ஒரு நாளிதழில் இரவு ஷிப்டில் பிழை திருத்தியவர். அச்சகத்துக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பிழையம்மா. ஓய்வு பெற்ற மறு மாதமே, சாவிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் 'துப்பு துலக்கித் தரப்படும்' என்று போர்டு மாட்டிவிட்டார்.

அவருடைய ஒரே உதவியாளர் ஜன்னலோரம் நின்றிருந்தார். முன்னாள் கண்டக்டர். விசில் என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். அவருடைய மகன் பிழையம்மாவின் மகளைக் கட்டியிருக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட, இங்கே மிஞ்சியது சம்பந்திகள் இரண்டு பேர். மற்ற சம்பந்திகள் சண்டை போடுவார்கள். இவர்கள் துப்பறிந்தார்கள்.

"சம்பந்தி, சத்தமா வாசிங்க," என்றார் பிழையம்மா.

விசில் முதல் பத்திரிகையை எடுத்தார். "பணி நேரத்தைக் குறைக்கக் கோரிப் போராடிய கும்பல், பணிமனையின் இரும்புக் கதவை உடைத்துக்கொண்டு வெளியேறியது. காலை 10.15 மணிக்கு, எட்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர் டயர் மாட்டும் கம்பியால் காவலரைத் தாக்கினார். இதையடுத்துப் போலீஸார் குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்."

"அடுத்தது?"

"அடுத்ததும் அதே கதவு, அதே கம்பி, அதே பத்தேகால். இதுல கும்பலுக்குப் பதிலா வெறிக்கும்பல். மூணாவதுல ஆவேசக் கும்பல்." அவர் நிமிர்ந்தார். "குறைந்தபட்சம்னா எத்தனை அடி சம்பந்தி? ஸ்டேஜ் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அவரு போராட்டத்துக்கே போகலைண்ணே. டூட்டி முடிச்சு பஸ்ஸை உள்ள விட வந்தாரு. தடி வர்றதைப் பார்த்துத் தலையைக் காப்பாத்தக் கையைத் தூக்கினாரு. கை போச்சு."

"இதை நீ பார்த்தியா?" பிழையம்மா கேட்டார்.

"இல்லம்மா. அவர் சொன்னாரு."

"அப்ப அவர் சொன்னாருன்னு சொல்லு. கைன்னு வந்தா எலும்பு டாக்டர் சொல்லட்டும். ஆஸ்பத்திரி சீட்டுல மணி என்ன?"

"பத்து நாப்பது."

"ம். பத்தேகாலுக்கு அடிச்சுட்டு அப்புறம் போய்ச் சேர்ந்தார்னு அவங்க சொல்லலாம். பிரயோஜனமில்லை."

தையல்காரி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தாள். சீருடை அணிந்த ஒருவர் குப்புறக் கிடக்கிறார். சுற்றிலும் ஆறு போலீஸ்காரர்கள், ஆறு தடிகள். "யூனியன் செயலாளர் கொடுத்தாரு. இது ஒண்ணு போதும்னாரு."

விசில் கையைத் தட்டினார். "முடிஞ்சது கேஸு. மூணு மணி வரைக்கும் நான் ஒரு தூக்கம் போடலாம்."

பிழையம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு கைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். "தூக்கத்தை மடிச்சு வைங்க. டெப்போவுக்குப் போறோம். நீ உன் கடைக்குப் போம்மா. ரெண்டே முக்காலுக்கு ஹெட் ஆபீஸ் வாசல்ல நில்லு."

*

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விசில் அந்தக் கதவின் புகழ் பாடினார். முப்பது வருஷம் அதைத் தாண்டி வேலைக்குப் போனவர். பச்சைக் கதவு, யானை இடித்தாலும் அசையாது, கிரீச்சென்று திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் காதில் அந்தக் கிரீச் இருக்கிறதாம்.

டெப்போ வாசலில் இறங்கியதும் அவர் வாய் மூடிக்கொண்டது.

இரண்டு தூண்கள் இருந்தன. தூண்களில் கீல் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டைகள் இருந்தன. கதவு இல்லை. குறுக்கே தடிமனான கயிறு ஒன்று, ஆங்காங்கே சிவப்புத் துணி முடிந்து கட்டியிருந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாட்ச்மேன் எழுந்து கயிற்றை இறக்கினார், ஏற்றினார், தோளைத் தடவிக்கொண்டார்.

"கதவு எங்கண்ணே?" விசில் கேட்டார்.

"வெல்டிங்குக்குப் போயிருக்கு. போன வருஷ ஸ்ட்ரைக்குல உடைச்சாங்களே, அன்னைலேருந்து கோணலா தொங்கிட்டு இருந்தது. போன வாரம்தான் கழட்டிட்டுப் போனாங்க. அதுலேருந்து நான்தான் கதவு."

"முந்தாநாள் தகராறுல இதை உடைச்சதா பேப்பர்ல போட்டிருக்கே."

"என்னையா உடைச்சாங்க? எனக்கு ஒண்ணும் ஆகலையே."

வாட்ச்மேன் கூண்டின் சுவரில் ஓர் அலுவலகக் கடிதம் ஒட்டியிருந்தது. கதவைப் பழுதுபார்க்க அனுப்ப அனுமதி, போன வாரத் தேதி. கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. பிழையம்மா அதை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் வாசித்தார். அது அவருடைய தொழில் பழக்கம். பிறகு செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நாலு பேர் ஒரே உண்மையைச் சொன்னா அதுல ஒண்ணுமில்லை. பார்த்ததைச் சொல்லியிருப்பாங்க. நாலு பேர் ஒரே தப்பைச் சொன்னா அவங்க நாலு பேர் இல்லை. யாரோ ஒருத்தர்."

அங்கேயே நின்று, நான்கில் பெரிய பத்திரிகையின் நிருபருக்குப் போன் போட்டார். அவர் காலத்தில் பயிற்சிக்கு வந்தவன். விசில் காதை நீட்டினார்.

"தம்பி, முந்தாநாள் டெப்போவுக்கு நீ போனியா?"

"போகாமலா அக்கா. நேரடி ரிப்போர்ட்."

"கதவு எந்தப் பக்கமா விழுந்து கிடந்தது? உள்ளயா, வெளியிலயா?"

அவன் இழுத்தான். "வெளியிலதான்..."

"நான் இப்ப அந்த வாசல்லதான் நிக்கிறேன். இங்க ஒரு வாரமா கதவே கிடையாது."

வாசலில் ஒரு பஸ் உள்ளே போனது. கயிறு மறுபடி ஏறிய பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஸ்டேஷன்லேருந்து குறிப்பு அனுப்பினாங்க. எங்க நாலு பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. ஒருத்தனுக்கு வந்தா எல்லாருக்கும் வந்த மாதிரி. நான் தலைப்பை மாத்தினேன், இன்னொருத்தன் கும்பலை வெறிக்கும்பல் ஆக்கினான். வேற ஒண்ணும் பண்ணலை."

"போலீஸ் தரப்பில் கூறப்பட்டதுன்னு ஒரு வரி சேர்க்கறதுக்கு என்ன?"

"நான் எழுதினேன் அக்கா. பக்கம் கட்டுறவரு இடம் பத்தலைன்னு அந்த வரியைத்தான் வெட்டினாரு."

பிழையம்மா போனை வைத்தார். அந்த வரி எப்படி வெட்டுப்படும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கண் முன்னாலேயே எத்தனையோ முறை வெட்டுப்பட்டிருக்கிறது. கமா விட்டுப்போனால் கூப்பிட்டுத் திட்டுவார்கள். யார் சொன்னது என்பது விட்டுப்போனால் ஒருவரும் கேட்டதில்லை.

"ஸ்டேஷன்ல உள்ளவரு போன வருஷக் குறிப்பை எடுத்து, தேதியையும் ஆளையும் மாத்தி அனுப்பியிருக்காரு," என்றார். "போன வருஷம் நிஜமாவே கதவு உடைஞ்சது. இந்த வருஷம் கதவை எடுக்க மறந்துட்டாரு."

"அப்ப நாலு பேப்பர் காலி." விசில் உற்சாகமானார். "மிச்சம் இருக்கிறது நம்ம போட்டோ."

பிழையம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பின்னாடி பாருங்க."

ஆறு போலீஸ்காரர்களுக்குப் பின்னால், தடிகளுக்கு நடுவே, பச்சையாக ஒரு கதவு நின்றது.

விசில் படத்தைப் பார்த்தார், வெறும் தூண்களைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "யூனியனும் போன வருஷத்துலதான் குடியிருக்கா? ரெண்டு கட்சிக்கும் ஒரே வீட்டு ஓனர் போலிருக்கு."

"இதைக் காட்டக் கூடாது."

"சம்பந்தி, அந்த ஆபீசருக்குக் கதவு கணக்கெல்லாம் தெரியப்போகுதா? படத்தைப் பார்த்தா மனசு இளகும். அந்தப் பொண்ணு நிலைமையை யோசிங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அவங்க கதவு பொய்னா நம்ம கதவும் பொய். நமக்குச் சாதகமா இருக்குன்னு ஒரு கதவை மட்டும் நட்டு வைக்க முடியாது."

மணி பன்னிரண்டே முக்கால். கையில் இருந்ததெல்லாம், நடக்காத ஒன்றுக்கு ஆதாரம். நடந்தது என்ன என்பதற்கு ஒரு துரும்பும் இல்லை.

*

திரும்பும் பஸ்ஸில் விசில் பேசவில்லை. அவர் பேசாமல் வருவது அபூர்வம் என்பதால் பிழையம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். விசில் மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்து, அதைச் சுற்றியிருந்த மாலைப் பத்திரிகைத் தாளைப் பிரித்தார். டப்பாவைத் திறக்காமல் தாளை நீவி வாசிக்க ஆரம்பித்தார்.

"இது என்ன பேப்பர்?"

"முந்தாநாளுது. நான் படிக்கிறது பதினோராம் பக்கம் மட்டும்தான். எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு ஒருத்தர் தினமும் எழுதுறாரு. ரிட்டயர் ஆனாலும் அது தெரியலைன்னா சாப்பாடு இறங்காது. பாருங்க, என் பழைய ரூட்டு பன்னெண்டு நிமிஷம் லேட்டு. என் காலத்துல..."

"எதனால லேட்டு?"

"9.58-க்குப் போலீஸார் தடியடி நடத்தியதால் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. 10.05-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. எட்டாம் எண் பேருந்தின் ஓட்டுநரைக் கை முறிந்த நிலையில் ஏற்றிக்கொண்டு 10.10-க்குக் கிளம்பியது. அதன் பிறகே..." விசில் நிறுத்தினார். வாசித்ததை மறுபடி வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது.

இரண்டு நாள் முன்பே படித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவில் சுற்றியிருக்கிறார். கண் நிமிஷங்களை மட்டும் பார்த்திருக்கிறது.

"சம்பந்தி," என்றார் மெதுவாக. "அடிச்சது பத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி. அடிச்சதுக்குக் காரணம் வந்தது பத்தேகாலுக்கு. காரணம் பஸ்ஸைத் தவற விட்டுருச்சு."

அதற்குள் பிழையம்மா எழுந்துவிட்டார். விசில் பழக்க தோஷத்தில் மணிக் கயிற்றை இழுத்தார். கண்டக்டர் முறைத்தான். "தம்பி, முப்பது வருஷ சர்வீஸு. ஒரு தடவை விட்டுக்கொடு," என்று சொல்லிக்கொண்டே விசில் இறங்கினார்.

*

மாலைப் பத்திரிகைக்குப் போன் போட்டு இடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். பதினோராம் பக்கத்துக்காரர் டெப்போவுக்கு எதிரேயே, செருப்புக் கடையின் மாடி ஜன்னலில் இருந்தார். மடியில் நோட்டு, காலருகே தெர்மாஸ். யாராவது தன்னைத் தேடி வந்தது அவருக்கு இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

"தடியடியைப் பார்த்தீங்களா?" பிழையம்மா கேட்டார்.

"ஆரம்பிச்சதைப் பார்த்தேன். பஸ் நின்னதே, அதனால மணி பார்த்தேன். 9.58."

"எட்டாம் நம்பர் டிரைவரை யார் அடிச்சாங்க?"

"தெரியாது. அப்ப தெர்மாஸ் மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. ரெண்டு மூணு நிமிஷம் குனிஞ்சு தேடிட்டு இருந்தேன். நிமிர்ந்தப்ப அவரு கீழ உக்காந்திருந்தாரு. கை தொங்கிட்டு இருந்தது."

"அவர் கையில கம்பி இருந்ததா?"

"நான் பார்த்தப்ப இல்லை. அதுக்கு முன்னாடி இருந்ததான்னு கேட்டா தெரியாது. ஆம்புலன்ஸ்ல ஏத்தினது 10.10-க்கு. அது நிச்சயம். அதனாலதானே எட்டாம் நம்பர் லேட்டு."

விசிலுக்குத் தாங்கவில்லை. "அண்ணே, நீங்க போலீஸ் அடிச்சதைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒரு குடும்பம் பிழைக்கும்."

"பார்த்ததை எழுதித் தர்றேன். தெர்மாஸ் மூடியையும் சேர்த்து எழுதித் தர்றேன். பார்க்காததைக் கேக்காதீங்க."

பிழையம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. எழுதிக் கொடுத்த தாளில் ஒரு பிழைகூட இல்லை என்பதால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது.

படியில் இறங்கும்போது விசில் முணுமுணுத்தார். "இந்த ஆளு நமக்கு உதவி பண்ணாரா, உபத்திரவம் பண்ணாரா?"

"தெரியாதுன்னு ரெண்டு தடவை சொன்னாரு. அதனாலதான் தெரியும்னு சொன்ன ஒண்ணை நம்புறேன்."

*

ஹெட் ஆபீஸ் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் தையல்காரி நின்றிருந்தாள். அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அம்மா, அந்தப் படத்தைக் காட்டப் போறீங்களா?"

"ஏன் கேக்குற?"

அவள் தரையைப் பார்த்தாள். "அந்தச் சட்டை நான் தைச்சது இல்லை. அவருக்குத் தோள்பட்டையில நான் ரெட்டைத் தையல் போடுவேன். படத்துல இருக்கறது ஒத்தைத் தையல். வாங்கினப்பவே தெரியும்."

"சொல்லலையே."

"நாலு பேப்பர் பொய் சொல்லுது. நான் ஒரு பொய் சொன்னா என்னன்னு தோணுச்சு."

விசில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"பேப்பர்காரன் நாளைக்கு இன்னொரு பேப்பர் போடுவான்," என்றார் பிழையம்மா. "உனக்கு இருக்கறது இந்த ஒரு நாள்தான். சஸ்பெண்ட் ஆர்டர் வெச்சிருக்கியா? கொடு."

விசாரணை அதிகாரியின் மேஜையில் கண்ணாடி பதித்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் நான்கு பத்திரிகைக் கத்தரிப்புகள் வரிசையாக இருந்தன. அவர் ஒரு கையை மேஜை இழுப்பறையின் பிடியில் வைத்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார். "உங்க தரப்புல படம் ஏதோ இருக்காமே. யூனியன்காரர் ரெண்டு நாளா மிரட்டுறாரு."

"இருக்கு," என்றார் பிழையம்மா. "ஆனா அது போன வருஷப் படம். இவ வீட்டுக்காரர் அதுல இல்லை. அதை நாங்க கொடுக்கப் போறதில்லை."

அதிகாரியின் கை இழுப்பறையைப் பாதி திறந்து நின்றது. உள்ளே அதே படம், போன வருஷப் பத்திரிகையில் அச்சானது, தேதியோடு தயாராகக் காத்திருந்தது. விசில் எட்டிப் பார்த்துவிட்டார். படத்தை நீட்டியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும்.

அதிகாரி இழுப்பறையை மூடினார். குரல் ஒரு படி இறங்கியது. "சரி. வேற என்ன?"

பிழையம்மா பதினோராம் பக்கத்தையும் எழுதி வாங்கிய தாளையும் வைத்தார். அதிகாரி வாசித்தார். "பத்து பத்துக்கு ஆம்புலன்ஸ்ல போனவரு பத்தேகாலுக்கு எப்படி அடிச்சாருங்கறீங்க. நியாயம்தான். ஆனா இவரு ஒருத்தர். அவங்க நாலு பேர். நாலு பேருக்கும் மணி தப்பிப்போகுமா?"

"நாலு பேரும் இரும்புக் கதவை உடைச்சாங்கன்னு எழுதியிருக்காங்க. அதை நம்புறீங்களா?"

"நாலு பேப்பர்ல வந்திருக்கே."

பிழையம்மா செல்போனைக் கண்ணாடிமேல் வைத்தார். வாட்ச்மேன் கூண்டுக் கடிதம். "போன வாரமே கதவைக் கழட்ட அனுமதி கொடுத்திருக்காங்க. இது யார் கையெழுத்துன்னு புரியலை. கோழி கிளறின மாதிரி இருக்கு." பிறகு தையல்காரியின் சஸ்பெண்ட் ஆர்டரைப் பக்கத்தில் வைத்தார். "இதுலயும் அதே கோழி."

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார், ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பது போல.

"ஒரு நாளைக்கு நாப்பது தாள்ல கையெழுத்துப் போடுறேன்மா," என்றார்.

"கதவைக் கழட்டச் சொன்னதே நீங்க. அப்புறம் அதை உடைச்சாங்கன்னு பேப்பர்ல படிச்சு நம்பினதும் நீங்க."

விசில் சொல்ல வந்த ஐந்தாறு வார்த்தைகளை விழுங்கிவிட்டார். பிற்காலத்தில் இதைத் தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொள்வார்.

அதிகாரி கண்ணாடிக்கு அடியிலிருந்த நான்கு கத்தரிப்புகளையும் நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு தாளை இழுத்து எழுதினார். சஸ்பெண்ட் ரத்து. சிகிச்சைக் காலம் பணிக்காலமாகக் கருதப்படும். போலீஸ் வழக்கில் ஆம்புலன்ஸ் நேரத்தை நிர்வாகமே தெரிவிக்கும். கையெழுத்துப் போடும் முன்பு எழுதியதை முழுதாக ஒரு முறை வாசித்தார். அநேகமாக அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தையல்காரி தாழ்வாரத்துக்கு வந்து கணவருக்குப் போன் செய்தாள். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டன் அமுங்கிவிட்டது.

"வேலை போகலைங்க. ஆர்டர் போட்டுட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து டிரைவரின் குரல், நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் வந்தது.

"நிஜமாவா? பேப்பர்ல வந்துருச்சா?"

விசில் நெற்றியில் அடித்துக்கொண்டு போனை வாங்கப் போனார். பிழையம்மா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேப்பர்ல வரலைங்க," என்றாள் தையல்காரி. "தாள் என் கையில இருக்கு. ரெண்டு தடவை நானே படிச்சுப் பார்த்துட்டேன்."